எலிக்குச் சொன்ன மருந்து

என் முழங்கால் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிகளோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட நேரத்தில்தான், மனைவியின் தம்பி இரண்டு கண்ணாடிக் குப்பிகளோடு வீட்டுக்கு வந்தான். உள்ளே வெள்ளைத் தூள். பெப்டைட் என்றான், ஏதோ புரதத் துணுக்காம். தண்ணீர் கலந்து வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டால் அவன் தோள்வலியும் என் மூட்டுவலியும் பறந்துவிடுமாம். ஜிம்மில் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்களாம்.

லேபிளைப் படித்தேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“அது சட்டத்துக்காகப் போடறது மாமா. சிகரெட் பாக்கெட்ல கேன்சர் படம் போடறதில்ல?”

அந்தப் படத்தை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொண்ட முதல் ஆளை அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் ஒரு குப்பியை வாங்கிக்கொண்டேன். படித்தவன் ஏமாறுவதற்கு ஓர் ஆங்கிலச் சொல் போதும். இதில் லேபிள் முழுக்க ஆங்கிலம்.

காப்பாற்றியது என் மனைவி. “ஆடி பொறந்தாச்சு. ஆடியில யாராவது புது வைத்தியம் ஆரம்பிப்பாங்களா? ஆவணி வரட்டும்” என்றாள். ஆடியைக் கிண்டல் செய்து நான் பல மேடைகளில் கைதட்டல் வாங்கியவன். அன்று மட்டும் மறுபேச்சில்லாமல் குப்பியை ஃப்ரிட்ஜில் முட்டைகளுக்கு நடுவே வைத்தேன். பகுத்தறிவை விட ஊசிப் பயம் பழையது.

மச்சானுக்கு ஆடியும் இல்லை, அமாவாசையும் இல்லை. அவன் ஆரம்பித்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. “மாமா, ஊசி போட்ட எடம் செவந்து கல்லு மாதிரி ஆயிடுச்சு. ஜுரம் வேற. ஒரே பேஜாரா கீது. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்கா எதிரில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கிழக்குத் தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். என் குப்பியையும் எடுத்துப்போயிருந்தேன். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள இதுதான் இருக்குன்னு யார் சொன்னாங்க?”

“லேபிள்ல போட்டிருக்கே டாக்டர்” என்றான் மச்சான்.

“மனுஷனுக்கு இல்லன்னும் அதுலதான் போட்டிருக்கு. அதை மட்டும் நம்ப மாட்டீங்களா?”

“எலிக்கு நல்லா வேலை செஞ்சுதாம்.”

“எலி வந்தா எழுதித் தரேன்.”

பிறகு சிரிப்பில்லாமல் சொன்னார். இந்த மருந்தை மனிதருக்குக் கொடுக்க அனுமதி இல்லை. மனிதரிடம் சரியாகச் சோதித்தும் பார்க்கவில்லை. குப்பியில் கிருமி இருக்கிறதா, சொன்ன அளவுதான் இருக்கிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். “இன்னும் என்ன பண்ணும்னு வித்தவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதைக்கு என் பயம், கிருமி ரத்தத்துல கலந்துடக் கூடாதுங்கறதுதான்.”

படுக்கையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா ஒரு நீலப் பேனாவால் அவன் வயிற்றில் சிவப்பைச் சுற்றிக் கோடு போட்டார். சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டினால் உடனே கூப்பிட வேண்டும்.

அதன்பிறகு குடும்பமே அந்தக் கோட்டைக் காவல் காத்தது. மச்சான் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டான். நான் தேர்தல் முடிவு பார்ப்பவனைப் போல எட்டி எட்டிப் பார்த்தேன். மனைவி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் வேண்டிக்கொண்ட மௌனம். வந்தபோது தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை ஜுரம் இறங்கியிருந்தது. சிவப்பு நீலக் கோட்டிலிருந்து உள்ளே சுருங்கி, நடுவில் ஒரு தீவாக நின்றது. டாக்டரம்மா விரலால் அழுத்திப் பார்த்து, “இறங்குது. பயமில்ல” என்றார். என் குப்பியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டரம்மா அறையை விட்டுப் போகும்வரை மனைவி பொறுத்திருந்தாள். பிறகு ஆரம்பித்தாள். “அறிவிருக்காடா உனக்கு? எலியாடா நீ?” அவனை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். மச்சான் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். உதட்டில் சிரிப்பு இருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்து வாங்கிக்கொண்டேன்.