தறிவீட்டுச் சைகை

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டின் முன்பாதி தறிப்பட்டறை, பின்பாதி குடித்தனம். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காதில் விழாது. அதனால் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்வோம். கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இரண்டு விரலால் கத்தரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் நூல் கொடுக்கும் முதலாளி வருகிறார். அவருக்கு மீசையே கிடையாது என்பது வேறு விஷயம். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கே அது சீக்கிரம் பழகிவிட்டது.

இந்த வீட்டில்தான் என் மகள் பிறந்தாள். கை காட்டினால் ஓடி வருவாள், உதட்டைப் பார்த்துச் சிரிப்பாள். யாருமே வாய்விட்டுப் பேசாத வீட்டில் ஒரு குழந்தை பேசவில்லை என்பது யாருக்கு உறைக்கும்? "அம்மா"வைத் தவிர வேறு சொல் வரக் காணோமே என்று ஒருமுறை என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நானும் லேட்டாத்தான் பேசுனேனாமா, உடு" என்று சொல்லிவிட்டுத் தறியின் சுவிட்சைப் போட்டார். எனக்கும் அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்துச் சில நாளில் டீச்சர் கூப்பிட்டனுப்பினார். "பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பறதே இல்லீங்க. எதக் கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டறா. ஒருக்கா காதைப் பாத்துருங்க" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எம் புள்ளைக்கு என்னங்க கொறை? நீங்க சொல்லிக் குடுக்கற லட்சணம் அப்படி" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ஊரெல்லாம் மின்தடை. தறிகள் நின்றிருந்தன. வாசலில் உட்கார்ந்து காலி நூல் குழல்களை அடுக்கிக்கொண்டிருந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டேன். சாமி என்றேன், கண்ணு என்றேன், பேர் சொல்லிக் கத்தினேன். எதிர்வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்த்தது. அவள் குழல்களை அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

சேலத்தில் பார்த்த டாக்டர், "இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தீங்கன்னா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. காதுக்கு மெஷின் கொடுத்தார்கள். தறி ஓடும் வீட்டில் அதை மாட்டியதும் அவள் வீரிட்டு அலறிக் கழற்றி எறிந்தாள். அத்தனை இரைச்சலும் ஒன்றுக்குப் பத்தாக உள்ளே போனால் யார்தான் தாங்குவார்கள்? பள்ளிக்கூடத்திலோ, டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் உதடு தெரியாது. சைகைப் பேச்சு தெரிந்த சிறப்பாசிரியர் வாரத்தில் ஒருநாள் வருவார். பாவம், அவர் தலையில் எத்தனையோ பள்ளிக்கூடங்கள். மற்ற நாளெல்லாம் என் மகள் முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். புரிந்து ஆட்டியதல்ல. ஆட்டினால் விட்டுவிடுவார்கள் என்று கண்டுகொண்டிருந்தாள்.

கடைசியில் நான் திட்டிய அதே டீச்சர்தான் விசாரித்து, காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றைப் பற்றிச் சொன்னார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். "இங்கயே வெச்சிருந்தாக் கடைசில தறிக்குத்தானுங்க போவா" என்றார். இந்த முறை நான் சண்டைக்குப் போகவில்லை. உள்ளூரில் இப்படி ஒன்று இருந்திருந்தால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கற்றிருப்பேன். தெருவுக்குத் தெரு கல்யாண மண்டபம் கட்ட மட்டும் நமக்குத் தெரிகிறது.

ஒவ்வொரு விடுமுறைக்கும் அவள் வேறு ஆளாக வந்தாள். கையில் அவ்வளவு வேகம், முகமெல்லாம் பேச்சு. கணக்குப் போட்டாள். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்வதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எழுதிக் காட்டச் சொன்னால் இன்னும் அம்மா, பூனை, மரம் என்ற அளவில்தான் நிற்கிறாள். பெற்றோருக்கும் சைகை வகுப்பு உண்டாம், சனிக்கிழமை. சனிக்கிழமைதான் எங்களுக்குத் துணியை மடித்து அனுப்பும் நாள்.

போன பொங்கல் விடுமுறை முடிந்து கொண்டுபோய் விடும்போது, பஸ்ஸில் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்லத் தொடங்கினாள். நீளமாகச் சொன்னாள். நடுவில் கண் நிறைந்தது. மறுபடி முதலிலிருந்து, எனக்காக மெதுவாகச் சொன்னாள். நான் தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான் உறைத்தது, அது அவள் முதல் பெஞ்சில் ஆட்டிய அதே தலையாட்டல். அவளுக்கும் தெரிந்துவிட்டது. கையை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துப் பாவப்பட்டவள்போல், கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோய், டீ வேண்டுமா என்று கேட்டாள்.

விடுதி வாசலில் அவள் வயதுப் பெண்ணொருத்தி ஓடி வந்தாள். என் மகள் பஸ்ஸில் சொன்னதையே அவளிடம் சொன்னாள். கை போன விதத்தில் தெரிந்தது. பாதியிலேயே அந்தப் பெண் இவளைக் கட்டிக்கொண்டாள். என்னங்க சொல்றா என்று பக்கத்தில் நின்ற வார்டனிடம் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. பெற்ற பிள்ளையின் அழுகைக்கு அடுத்தவரிடம் அர்த்தம் கேட்க மனசு வரவில்லை. துணிப்பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். அவள் எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.