கல்லில் இருந்த திகதி

என் அம்மாவின் தமையன் எண்பத்தேழு வயதில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். தன் தகப்பனைப் புதைத்த இடத்தைக் கண்டுபிடித்துத் தரவேண்டும்.

அந்தத் தகப்பன், என் அம்மப்பா, உலகச் சண்டை தொடங்கப் பல வருடம் முன்பே வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் சேர்ந்தவர். துறைமுகத்தைக் காத்த பீரங்கியொன்றில் வேலை. கூட இருந்தவர்கள் விலகியபோதும் அவர் திரும்பத் திரும்பக் கையெழுத்துப் போட்டுத் தங்கினார். யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டபோது மாமாவுக்கு நாலு வயது. குடும்பம் முதலே திரியாய்க் கிராமத்துக்குப் போயிருந்தது. பீரங்கி நின்ற இடத்தில் ஒருவரும் மிச்சமில்லை என்று நகரத்திலிருந்து ஓடிவந்த ஒருவர் சொன்னார். அதை நம்பி எட்டாம் நாள் படைக்கிற எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் செய்தார்கள். அன்றிலிருந்து குண்டு விழுந்த நாளின் திதியில்தான் திவசம். பட்டாளத்திலிருந்து பிறகு வந்த இங்கிலிசுக் கடிதத்தை யாரும் வாசித்ததாக மாமாவுக்கு ஞாபகமில்லை. வீடு எரிந்தபோது அதுவும் போய்விட்டது.

மிஞ்சியது ஒரு படம். அதன் பின்பக்கத்தில் படை இலக்கம் இருந்தது. அதை வைத்து மூன்று மாதம் இறந்த படையினரின் பட்டியல்களைத் தேடினேன். அவர் கிடந்தது உப்புவெளி வீதியோரப் படைவீரர் மயானத்தில். இருபது வருடம் கந்தோர் வேலைக்கு அந்த வழியால்தான் சைக்கிளில் போய்வந்தேன். அதை நாங்கள் வெள்ளைக்காரரின் சவக்காலை என்றே சொல்லுவோம். எங்கள் வீட்டில் ஒருவரும் உள்ளே போனதில்லை.

முதலில் தனியே போய்ப் பார்த்தேன். கல்லில் இருந்த திகதி, குண்டு விழுந்து பதினொரு நாள் கழிந்த ஒரு நாள். பட்டியலிலும் அதுதான், காயப்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்தவர் என்றிருந்தது. நாலு நாள் மாமாவின் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் ஓட்டோவில் கூட்டிப்போனேன். அவருக்குக் கண்பார்வை குறைவு.

"வாசி," என்றார்.

பெயர், இலக்கம், படைப்பிரிவு மூன்றையும் வாசித்து நிறுத்தினேன்.

"திகதி இல்லையோ?"

"இருக்கு மாமா."

"பிறகென்ன? நான் தும்மின நேரத்தையும் கொப்பியில எழுதிற ஆள் நீ."

வாசித்தேன். அவர் விரல் கணுக்களில் எண்ணினார். எட்டில் நிறுத்தினார்.

"எட்டுச் செலவண்டைக்கு அவர் உயிரோட."

"ஓம்."

"அம்மா பொட்டை அழிச்சிட்டா. படைச்சுப்போட்டு எல்லாரும் சாப்பிட்டனாங்கள். எனக்கு வடை தந்தவை." கல்லைத் தடவிக்கொண்டே நின்றார். "ஆஸ்பத்திரி வாட்டில அவருக்கு ஆர் சோறு குடுத்தது?"

"தெரியாது மாமா."

ஐயரிடம் கேட்டுத் திவசத்தைச் சரியான திதிக்கு மாற்றினோம். ஆனால் குண்டு விழுந்த பழைய நாளையும் மாமா விடவில்லை. அந்தத் திதி வந்த அன்று காலை என்னைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போ. பார்க்க ஆக்கள் வராத ஒருத்தருக்குச் சோறு குடு. சாப்பிட்டு முடியுமட்டும் நில்லு."

தாதி ஒரு மூதூர்க்காரரைக் காட்டினார். கால் முறிந்து ஒன்பது நாளாகக் கிடக்கிறாராம். நான் கொண்டுபோனது சோறு, பருப்பு, முருங்கைக்காய்க் கறி.

"ஆர் தம்பி அனுப்பினது?"

"மாமா."

"என்ன விசேஷம்?"

"அவற்ற அப்பாவை நினைச்சு."

அவர் மெதுவாகச் சாப்பிட்டார். நான் கட்டிலருகே நின்றேன்.

திரும்பியபோது மாமா வாசல் கேற்றடியில் கதிரை போட்டு இருந்தார்.

"சாப்பிட்டவரோ?"

"ஓம், முழுக்க."

"கறி உறைப்பெண்டு சொன்னவரோ?"

"இல்லை. உப்புக் காணாதெண்டவர்."

"அப்ப நாளைக்குக் கொஞ்சம் கூடப் போடச் சொல்லு," என்றார். "அப்பா வாட்டில கிடந்ததில இன்னும் பத்து நாள் இருக்கு."