வண்டிச் சாவியைத் தர மறுத்தேன்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை மகளின் காதுகுத்துக்காக நாமக்கல்லிலிருந்து கெங்கவல்லிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். கெங்கவல்லி நான் பிறந்த ஊர். கணவர் ஓட்டினார். பக்கத்தில் நான். பின் சீட்டில் எங்கள் மகள். ராசிபுரம் தாண்டி ஆத்தூர் ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் மரவள்ளிக் கிழங்குக் காடுதான். நல்ல காலை வெயில். ரோட்டில் கூட்டமே இல்லை.

சீர்த்தட்டுக்குப் பழம் எங்கே வாங்கலாம் என்று கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், அவர் தாடை நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் ஸ்டீயரிங் மேல் இருந்தது. கார் மெதுவாக ரோட்டை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் அலறிய அலறலில் அவர் விழித்து பிரேக்கை மிதிப்பதற்குள் மரவள்ளிச் செடிகளை முறித்துக்கொண்டு கார் காட்டுக்குள் புகுந்து நின்றது. இறங்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கொஞ்சம் முன்னால் ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர். அங்கே போய் இறங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று தெரியாது.

மகளுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா குடத்தோடு ஓடி வந்தார்.

"ஐயோ சாமி, என்னாச்சுங்க?"

"நாய் குறுக்க வந்துருச்சுங்க" என்றார் என் கணவர்.

நாய் எதுவும் வரவில்லை. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆத்தூரில் மகளின் உதட்டுக்குத் தையல் போட்டுக்கொண்டு, மீதி வழி முழுக்க அவரிடம் விடாமல் எதையாவது பேசிக்கொண்டே போனேன். அவர் தூங்கிவிடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். என் கணவர் கல்யாணத்தின்போதே தாட்டியமான ஆள். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர், சொந்தக்காரர்களிடம் கிண்டல், ஆள் குண்டு என்று சொல்லித் தட்டிப்போன பெண் வீடுகள் எல்லாவற்றையும் தாண்டித்தான் என்னைப் பார்க்க வந்திருந்தார். தனியாகப் பேசக் கிடைத்த சில நிமிடங்களில் அவர் வேலையைப் பற்றியோ வருமானத்தைப் பற்றியோ பேசவில்லை. "நான் குண்டா இருக்கறது உங்களுக்கே தெரியுதுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. சரின்னா, அதச் சொல்லி மட்டும் என்னைய எப்பவும் கிண்டல் பண்ணிராதீங்க" என்றார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. சரி என்றேன். சொன்னபடியே இருந்தேன். அவர் சட்டை அளவு கூடிக்கொண்டே போனபோதும், சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே கண் அசந்தபோதும், மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் உட்கார்ந்தபடி குறட்டை விட்டபோதும் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தூக்கத்தில் அவர் குறட்டை திடீரென்று நின்றுவிடும். கொஞ்ச நேரம் மூச்சே கேட்காது. பிறகு தண்ணீரிலிருந்து எழுந்தவர் போல மூச்சை இழுப்பார். அதற்குப் பயந்து நான் விழித்துக் கிடந்தேனே தவிர, அவரிடம் கேட்டதில்லை.

அவர் வேலை, கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுவது. சொந்த வேன். மரவள்ளிக் காட்டுக்குள் புகுந்தது போல வாளையார் பக்கம் ஏதாவது லாரிக்கு அடியில் புகுந்தால்? நாமக்கல் திரும்பியதும் பேசிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம். தோசை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நாய் வரலைங்க. நீங்க தூங்கிட்டீங்க."

"அலைச்சல். கண்ணு அசந்துருச்சு."

"அலைச்சல் எங்க இருந்துச்சு? முந்தின ரெண்டு நாளும் வீட்லதான இருந்தீங்க. உடம்பு ஏறிக்கிட்டே போகுது. தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. பக்கத்துல படுத்துக் கேக்கறவ நான். டாக்டரைப் பாக்கலாங்க."

அவர் தட்டைத் தள்ளினார். "ஊரே சொல்லும். நீ ஒருத்திதான் சொல்லாம இருந்த. நீயும் ஆரம்பிச்சுட்டியா?"

 நான் விடவில்லை. "கிண்டல் பண்ண மாட்டேன்னுதான் நான் ஒத்துக்கிட்டேன். பேசவே மாட்டேன்னு ஒத்துக்கலை" என்றேன். அவர் கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாளில் அடுத்த லோடு வந்தது. கிளம்பும்போது ஆணியில் வேன் சாவி இல்லை. என் இடுப்பில் செருகியிருந்தேன்.

"சாவி எங்க?"

"என்கிட்ட இருக்கு. டாக்டரைப் பாக்காம நீங்க வண்டி எடுக்கக் கூடாது. சாவி தர மாட்டேன்."

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். "ஏம்மா, பொழப்புக்குப் போறவன மறிக்கறியா? என்ற பையனுக்கு என்ன கொறை? நல்லாத் திங்கற ஒடம்பு. நீயே கண்ணு வெக்காத சாமி."

"அத்தை, பேத்தி உதட்டுல தையலைப் பாத்தீங்கல்ல? நாய் வந்துச்சுன்னு உங்ககிட்ட சொன்னது பொய். இவர் ஓட்டிக்கிட்டே தூங்கிட்டார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா நாங்க யாருமே திரும்பி வந்திருக்க மாட்டோம்."

மாமியார் மகனைப் பார்த்தார். "நெசமாவா தம்பி?"

அவர் மாட்டியிருந்த செருப்பைக் கழற்றினார். மாமியார் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு எனக்காகப் பேசவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை.

கடைசியில் என் கணவரே தெரிந்த டிரைவர் ஒருவரைப் போனில் கூப்பிட்டார். அவர் வந்ததும் நானே சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தன் வண்டியை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டு போவதை என் கணவர் வாசலில் நின்று பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழுதால் மனம் இளகிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு என்னிடம் பேச்சு நின்றது. "உங்கம்மாகிட்ட துண்டு எடுத்தாரச் சொல்லு" என்று மகள் வழியாகத்தான் எல்லாம். ஒவ்வொரு லோடுக்கும் அந்த டிரைவரே போய் வந்தார். வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நடமாடினோம். தப்பு செய்கிறோமோ என்று தோன்றும். உடனே அந்தப் பாலத்துச் சுவர் நினைவுக்கு வரும். லோடு இல்லாத நேரமெல்லாம் சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

ஒரு நாள் மாமியாரே அவர் முன்னால் போய் நின்றார். "ஒருக்காப் போயிட்டுத்தான் வாயேன் சாமி. எனக்குந்தான் பயமா இருக்குது." அந்த வார்த்தைக்குக் கட்டுப்பட்டு அவர் சட்டையை மாட்டினார்.

நாமக்கல்லிலேயே ஒரு தனியார் மருத்துவமனை. காரை அந்த டிரைவரே ஓட்டி வந்தார். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் எடை பார்க்கச் சொன்னார்கள். எடை மிஷின் நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்திலேயே இருந்தது. அவர் ஏறி நின்றார். அங்கிருந்த இளம்பெண் எடையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, எழுதிக்கொண்டிருந்த இன்னொரு பெண்ணிடம், "மிஷின் தாங்குமாக்கா?" என்று சிரித்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு பேர் சிரித்தும்விட்டார்கள்.

என் கணவர் இறங்கினார், செருப்பை மாட்டினார், வெளியே நடந்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "ஏம்மா, உங்க அப்பாவா இருந்தா இத்தனை பேருக்கு முன்னால எடை சொல்லிச் சிரிப்பியா? எவ்வளவு சண்டை போட்டு இவரை இங்க கூட்டிட்டு வந்திருக்கேன் தெரியுமா? இன்னைக்கு இவர் திரும்பிப் போனா இனி எந்த ஆஸ்பத்திரிப் படியும் ஏற மாட்டார். இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"  அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "தெரியாமச் சொல்லிட்டேன்க்கா" என்றாள். நான் வெளியே வந்தேன்.

அவர் காரில் சாய்ந்து நின்றிருந்தார். எல்லாம் உன்னால்தான் என்று திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீ கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. பிறகு, "சின்ன வயசுல யாராச்சும் இப்பிடிச் சிரிச்சா எங்கம்மாவும் கூடச் சேந்து சிரிப்பாங்க. எனக்காக யாரும் சண்டைக்குப் போனதில்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பின் கதவைத் திறந்தார். "ஏறு. இங்க வேண்டாம். சேலத்துல பாத்துக்கலாம்."

சேலத்து டாக்டர் வயதானவர். எடையைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "தூக்கமெல்லாம் எப்படி?" என்றுதான் ஆரம்பித்தார். என் கணவர் மளமளவென்று சொல்லத் தொடங்கினார். நான் கேள்விப்படாத விஷயங்கள். சிக்னலில் தூங்கி, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்து எழுப்பியது. பாலக்காடு தாண்டி ஒரு தடவை வண்டி எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டுத் திரும்பியது. பிறகு இதையும் சொன்னார்:

"வாய் சும்மா இருந்தாத் தூங்கிருவேன் சார். அதனால வழியெல்லாம் எதையாச்சும் மென்னுக்கிட்டேதான் ஓட்டுவேன். மிச்சரு, முறுக்கு, புரோட்டா. பசிச்சுத் திங்கறதில்லைங்க. ஊடு வந்து சேரணும்னு திங்கறேன்."

நான் தலை குனிந்தேன். ஊர் அதைப் பெருந்தீனி என்றது. மாமியார் நல்ல பசி என்றார். உயிரோடு வீடு வந்து சேர அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

தூங்க வைத்துப் பரிசோதனை செய்தார்கள். தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நிற்கிறது, அதனால் ஒரு நாள்கூட அவர் சரியாகத் தூங்கியதே இல்லை, எடை கூடக் கூட அது மோசமாகும் என்று டாக்டர் விளக்கினார். படுக்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ளும் ஒரு மிஷின் கொடுத்தார். தான் சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார். முதலில் அதை மாட்டிக்கொள்ள என் கணவர் கூச்சப்பட்டார். "அப்பா, பைலட் மாதிரி இருக்கீங்க" என்று மகள் சொன்னதும் சிரித்துவிட்டார். அதை மாட்டித் தூங்கி எழுந்த முதல் காலை, "ஒடம்பே வேற மாதிரி இருக்குது அம்மிணி" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பகல் தூக்கம் போனது. சும்மா சும்மா மெல்லுவதும் தானாகவே குறைந்தது. காலையில் இரண்டு பேரும் நடக்கப் போனோம். எடை கொஞ்சம் இறங்கியது, சில மாதம் ஏறியது, மறுபடி இறங்கியது. இன்றைக்கும் அவர் தாட்டியமான ஆள்தான். ஆனால் டாக்டர் அனுமதி கொடுத்து, வண்டியைத் திரும்ப எடுத்துவிட்டார். அடுத்த விசேஷத்தில் பந்தியில் அவருக்குப் பெரியப்பா முறையான ஒருவர், "இவனுக்கு ரெண்டு எலை போடுங்கப்பா" என்று ஆரம்பித்தபோது, "மாமா, அந்தப் பேச்சு இனி வேண்டாங்க" என்று சொன்னேன். பெரியவர் முகம் சுருங்கியது. சுருங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன தை மாதம் ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போது என் கணவர் நின்றார். "ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காத. நீ எளச்சுக்கிட்டே போற. சோறு நல்லாத்தான் திங்கற. எனக்கென்னமோ பயமா இருக்குது. ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டிறலாமா?"

பார்த்தவர்கள் எல்லாம் நான் நன்றாக இளைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். முதலில் கோபம்கூட வந்தது. போய்ப் பார்த்ததில் சர்க்கரை, நிறையவே இருந்தது. இன்னும் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். இப்போது மாத்திரையும் கட்டுப்பாடுமாக நன்றாக இருக்கிறேன்.

ஒருவர் உடம்பைப் பற்றி இன்னொருவர் பயப்படாமல் பேச எங்கள் வீட்டில் இப்போது முடிகிறது. அந்தப் பேச்சு பிறப்பதற்காகச் சில வாரம் நாங்கள் பேசாமல் இருக்க வேண்டியிருந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.