நாலாம் பக்கத்தில் ஊசி

தொற்றுநோய் ஒருவழியாக அடங்கியதும் உலகத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. உலகம் என்றால் கரமனையில் எங்கள் வார்டு.

கவுன்சிலர் வீடு தேடி வந்து கேட்டார். "சாரே, கோவிட் கழிஞ்சு எல்லா வார்டும் நிலைத்த வளர்ச்சின்னு திட்டம் போடுது. நமக்கும் ஒண்ணு வேணுமல்லே? எழுத்து சாருக்குத்தான் வரும்." பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனிடம் திட்டம் கேட்டது அவர் தவறு. மறுநாளே புது பேனா வாங்கியது என் தவறு.

நான் யோசிப்பது தமிழில். அரசாங்கம் யோசிப்பது மலையாளத்தில். அதனால் முதலில் தமிழில் கையால் எழுதி, பிறகு மலையாளத்துக்கு மாற்றினேன். முதல் பக்கத்தில் மழைநீர். இரண்டில் மொட்டைமாடிக் காய்கறி. மூன்றில் சைக்கிள், நான் கடைசியாக சைக்கிள் ஏறியது கல்லூரியில். நாலாம் பக்கம்தான் என் பெருமை. கழிவு மேலாண்மை.

அதற்கு எங்கள் அக்ரஹாரத் தெருவின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளியாள் கையில் எதையும் நேரடியாகக் கொடுக்க மாட்டோம். கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்குவோம், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். என் தலைமுறை இதற்கு வெட்கப்பட்டு மெதுவாக விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வந்தது கோவிட். உலகமே இரண்டடி பின்வாங்கியது. எங்கள் தெருவில் சில முகங்களில் அப்போது தெரிந்த திருப்தியை முகக்கவசத்தால்கூட மறைக்க முடியவில்லை.

பிளாஸ்டிக் சேகரிக்க மாதாமாதம் இரண்டு பெண்கள் வருவார்கள். ஒருவர் இந்த ஊர்க்காரர். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கோவிடுக்கு முன்னால் இந்தத் திருநெல்வேலிக்காரர் மணியடித்து, பையை எங்கள் கண்ணெதிரே பிரித்துப் பார்ப்பார். "சார், தயிர் கவரைக் கழுவாம வச்சிருக்கிய. பூஞ்சை பிடிச்சிருக்கு பாருங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். தொற்றுக் காலத்தில் வாசல் கிரில்லில் கொக்கி மாட்டினோம். பையைத் தொங்கவிட்டால் போதும். மணி இல்லை, முகம் இல்லை, திருப்பிக் கொடுத்தல் இல்லை. நோய் போனது. கொக்கி போகவில்லை.

இதைத்தான் நாலாம் பக்கத்தில் 'தொடர்பில்லாச் சேகரிப்பு' என்று பெயர் சூட்டி, தொற்றுநோய் நமக்குக் கற்றுத்தந்த நல்வழக்கம் என்றும், இரு தரப்புக்கும் கண்ணியமானது என்றும் எழுதினேன். கண்ணியம் என்ற சொல் அந்தப் பக்கத்தில் மூன்று இடத்தில் வந்தது. ஒன்றை அடித்தேன்.

ஒரு ஞாயிறு காலை, பள்ளிக்கூட ஹாலில் வார்டு கூட்டம். நான் மேடையில். நாலாம் பக்கத்தை இரண்டு தடவை தொண்டையைக் கனைத்துவிட்டு வாசித்தேன். கைதட்டினார்கள். கேள்வி உண்டா என்று கவுன்சிலர் கேட்டபோது பின்வரிசையில் திருநெல்வேலிக்காரர் எழுந்தார். வலது கட்டைவிரலில் கட்டு. சபைக்காக மலையாளத்தில் பேசினார்.

"வெள்ளிக்கிழமை இந்தத் தெருப் பையைத் தரம்பிரிக்கையிலே ஊசி குத்திட்டு. இன்சுலின் ஊசி. பால் கவருக்குள்ள இருந்தது. ஆஸ்பத்திரியில எச்.ஐ.வி. வராம இருக்கன்னு ஒரு மாசத்துக்கு மாத்திரை தந்திருக்கு. தின்னா எல்லாம் வெளியே வருது. ஊசி யாருதுன்னு தெரிஞ்சு, அவங்க ரத்தம் பார்த்து ஒண்ணுமில்லைன்னா மாத்திரையை நிறுத்திடலாம்னு டாக்டர் சொன்னார். நான் சண்டைக்கு வரல. யாருதுன்னு சொன்னா மதி, அது போதும்."

எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும். ஆனால் ஊசியைக் கசங்கின காகிதத்தில் சுருட்டிப் பால் கவரில் அடைக்கிற வீடு எது என்று எனக்குத் தெரியும். நான் குத்திக்கொண்டு கழித்த ஊசிகளைப் போட மனைவி ஒரு தகர டப்பா வைத்திருக்கிறாள். அது சமையலறை மேல்தட்டில் இருக்கிறது. எட்டி எடுக்கச் சோம்பல்.

நான் எழுந்தேன். சொல்லத்தான் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். வாயைத் திறந்ததும் வந்தது இது: "மிக முக்கியமான விஷயம். கூர்மையான மருத்துவப் பொருட்களைத் தனியாகக் கையாள்வது பற்றி ஒரு உட்பிரிவை நம் திட்டத்தில் சேர்க்கலாம்." கவுன்சிலர், "அதாணு!" என்றார். மறுபடி கைதட்டல், முதல் தடவையைவிடப் பலமாக. திருநெல்வேலிக்காரர் மட்டும் உட்காராமல் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் உட்பிரிவைக் குறித்துக்கொள்வதுபோலக் குனிந்துகொண்டேன்.

வீட்டில், கூட்டத்துக்கு வந்திருந்த மனைவி காபியை வைத்துவிட்டுக் கேட்டாள். "நம்மாத்து ஊசிதானே?"

"தெருவுல எத்தனை பேருக்கு சுகர்!"

"நான் தெருவைக் கேக்கலை. டப்பாவுல போட்டேளா?"

நான் காபியை ஆற்றினேன்.

"போய் ரத்தம் குடுத்துட்டு வாங்கோ. அந்தப் பொண்ணு வாந்தியெடுத்துண்டிருக்கா, நீங்க இங்க காபி ஆத்திண்டிருக்கேள்."

திங்கள் முழுவதும் உட்பிரிவை எழுதினேன். நன்றாகவே வந்தது. செவ்வாய்க்கிழமை ரத்தம் கொடுக்கப் போனேன். கரமனையில் லேப் இருக்கிறது, ஆனால் அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். இரண்டு பஸ் மாறி, ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டம் என்ற ஊருக்குப் போனேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஐ.டி. பிள்ளைகளுக்கு நடுவே, எச்.ஐ.வி. பரிசோதனைச் சீட்டுடன், வேட்டியில் ஒரு ஐம்பத்தாறு வயது ஆள். ரத்தம் எடுத்த பெண் என்னை ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். நிலைத்த வளர்ச்சிக்காக வந்திருக்கிறேன் என்று அவளிடம் விளக்க முடியாது.

புதன்கிழமை முடிவு வந்தது. எச்.ஐ.வி., கூடவே இரண்டு வகை மஞ்சள்காமாலை என்று மூன்று சோதனை, மூன்றிலும் ஒன்றுமில்லை. நேரே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நான் கத்தரிக்கோலை எடுத்து என் பெயர் இருந்த மேல்பகுதியை வெட்டினேன். ஆற்றங்கரையில் அந்த இரண்டு பெண்களும் பிளாஸ்டிக் தரம்பிரிக்கும் தகரக் கொட்டகை இருக்கிறது. சாயங்காலம் அவர்கள் போனபிறகு, மிச்சக் காகிதத்தைக் கவரில் போட்டு அதன் கதவில் தொங்கவிட்டு வந்தேன். தொடர்பில்லாச் சேகரிப்பு.

வியாழன் காலை மணி அடித்தது. எங்கள் வீட்டு மணிக்கு இப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. கிரில்லுக்கு வெளியே அவர். கையில் அந்தக் கவர். இந்தத் தடவை தமிழ்.

"சார், தலையை வெட்டிட்டு முண்டத்தைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிய. பேரில்லாத ரத்தத்தை டாக்டர் எப்படி எடுப்பாரு?"

"இது... நான்தான்னு எப்படி..."

அவர் முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கசங்கல், நடுவில் இரண்டு துளை. என் கையெழுத்து. நாலாம் பக்கம், அடித்தல் திருத்தலோடு.

"ஊசி இதுல சுத்தி இருந்துச்சு. எங்கூட வர்றவளுக்குத் தமிழ் படிக்க வராது. நான் எட்டாப்பு வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடம்லா. இந்தத் தெருவுல தமிழ்ல இம்புட்டு எழுதுறது வேற யாரு?"

"அப்புறம் ஏன் கூட்டத்துல சொல்லல?"

"நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். எந்திரிச்சிய வேற." காகிதத்தை மடித்தார். "நான் சொன்னா, சாரு மேல பழி போடுதாம்பாங்க. எனக்கு வேல போவும். ஞாயித்துக்கிழமையே நீங்க வாயைத் தொறந்திருந்தா நாலு நாளு சோறு எறங்கியிருக்கும் எனக்கு."

பின்னால் மனைவி என் சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். சட்டையை நீட்டினாள். வெட்டின துண்டைக் குப்பைக்கூடையிலிருந்து தேடி எடுத்துக்கொண்டு அவரோடு பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் இரண்டு துண்டையும் மேஜையில் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "இது யார்?" என்றார். "நான்தான்" என்றேன். சொல்ல ஒரு வினாடிதான் ஆனது. ஆதார் அட்டையை வாங்கிச் சரிபார்த்தார். மாத்திரையை நிறுத்தலாம் என்றார். திருநெல்வேலிக்காரர் வெளியே வந்து, எதிர்க்கடையில் நாலு தோசை சொல்லி, நாலையும் சாப்பிட்டார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

திட்டம் நிறைவேறியது. உட்பிரிவு சிறப்பாக இருப்பதாக மேலிடத்தில் சொன்னார்களாம். நாலாம் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி கவுன்சிலரிடம் போனேன். "அச்சடிச்சாச்சே சாரே" என்றார். தெருவில் மற்ற வீடுகளில் கொக்கி இன்னும் தொங்குகிறது.

என் வீட்டில் மணி அடிக்கும். நான்தான் போய்த் திறக்க வேண்டும் என்பது மனைவியின் சட்டம். அவர் பையைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்; நான் நிற்பேன். போன மாதம் ஒரு தயிர் கவரைத் தூக்கினார். மூலையில் கொஞ்சம் வெள்ளை.

"சார்" என்றார்.

வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கழுவினேன்.