அத்தைக்கு எழுதிக்கொடுத்த வெயில்

அந்தக் கோடை விடுமுறையில் ஸ்ரீவைகுண்டமே நிழலைத் தேடி ஓடிக்கொண்டிருந்தபோது, என் அத்தை மட்டும் வெயிலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தாள். மருந்தாக.

அத்தை என் அப்பாவின் அக்கா. அறுபதைத் தாண்டியிருந்தாள். பொங்கல் கழிந்த கையோடு கொல்லைப்புறத்தில் வழுக்கி, லேசாகத்தான் விழுந்தாள், மணிக்கட்டு முறிந்துவிட்டது. இவ்வளவு சின்ன விழுதலுக்கு எலும்பு முறியலாமா என்று பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எலும்பு தேய்ந்திருந்தது. ரத்தத்தில் வைட்டமின் டி பேருக்குத்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அடுக்களையே கதியென்று கிடந்தவளுக்கு, வெயிலுக்குப் பேர்போன ஊரில் வெயில் சத்து இல்லாமல் போயிருந்தது.

சுண்ணாம்புச் சத்து மாத்திரை, வாரம் ஒருமுறை பாலில் கலக்கிக் குடிக்கப் பொடி, தினமும் நடை. மாமா, "சுண்ணாம்புதான் குறைச்சல்னா என் வெத்தலைச் செல்லத்துல இருக்கே" என்று சிரித்தாராம். ஆனால் டாக்டரம்மா கடைசியாகச் சொன்னதில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. வெயிலும் படவேண்டும்; விடியற்காலை வெயில் போதாது, நன்றாக ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், கையிலும் முகத்திலும் கொஞ்ச நேரம்.

பத்து மணி என்பது மாமாவின் குழம்பு கொதிக்க வேண்டிய நேரம். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆபீஸ் அவரை விட்டுப் போனாலும் சாப்பாட்டு நேரம் மட்டும் போகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்து அங்கே போனபோது இந்த வெயில் வைத்தியம் சூடுபிடித்திருந்தது. "ஏட்டி, அத்தை கூட நீயும் போ. எங்கயும் வழுக்கி விழுந்திராம பாத்துக்கோ" என்று மாமா என்னையும் அனுப்பிவைத்தார். நாங்கள் அணைக்கட்டுக்குக் கீழே ஆற்று மணலுக்குப் போனோம். வழியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்களை விநோதமாகப் பார்த்தார்கள். அடுத்த தெருவில் முழங்கால் வலிக்காரிகள் இரண்டு பேர், தங்களுக்கும் வெயில் சத்து கம்மியாகத்தான் இருக்கும் என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

கொஞ்ச நேரம் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் வெயிலில் நடந்துவிட்டு, மிச்ச நேரம் மருத மரத்தடியில், கால்களை ஆற்றுத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குஞ்சுமீன்கள் பாதத்தைக் கடிக்கும். அத்தை வாயைப் பொத்தாமல் சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

ஒருநாள் ஈரமணலில் நான் பாண்டிக் கட்டம் கீறிச் சில்லு எறிந்து ஆடிக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்த அத்தை, "எங்க, எனக்கு ஒரு ஆட்டம் குடு" என்று எழுந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்ட ஆரம்பித்தாள். முழங்கால் வலிக்காரிகள் கைதட்டினார்கள். நடுக்கட்டத்துக்கு அவள் வந்திருந்தபோது கரைமேல் மாமா நின்றார், கையில் குடையோடு. வெயிலில் வாடுவாளே என்று பாவப்பட்டு வந்திருந்தார்.

"ஏளா! எலும்பு தேஞ்சவ செய்யுத வேலையா இது?"

அத்தை திரும்பிப் பார்த்தாள். தூக்கிய காலை இறக்கவில்லை.

"செத்த இருங்க. கால வச்சா நான் அவுட்டு."

மிச்சக் கட்டங்களையும் நொண்டி முடித்துவிட்டுத்தான் கரையேறினாள்.

நொண்டியடிக்கிறாள் என்றால் குணமாகிவிட்டது என்று மாமா முடிவுகட்டினார். மறுநாளே பாளையங்கோட்டைக்குக் கிளம்பினோம். ரத்தம் எடுத்து, காத்திருந்து, சாயங்காலம் உள்ளே போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சத்து நல்லா ஏறியிருக்கு. பொடியை இனிமே மாசத்துக்கு ஒண்ணாக்கிரலாம்" என்றார்.

"அப்பம் வெயிலும் வேண்டாமில்லா?" என்றார் மாமா, மலர்ந்த முகத்தோடு.

அத்தையின் முகம் விழுந்துவிட்டது. நல்ல செய்தி கேட்டு ஒருத்தர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. டாக்டரம்மாவும் பார்த்தார். கீழே மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி வரும்படி மாமாவை அனுப்பினார்.

கதவு மூடியதும் அத்தை மடமடவென்று சொன்னாள்: "அம்மா, மாத்திரை எத்தனை சொன்னாலும் முழுங்குதேன். வெயில மட்டும் நிறுத்திராதீங்க."

"யாரு நிறுத்தச் சொன்னா? நடையும் வெயிலும் எப்பவும் வேணும். நொண்டியடிக்கது மட்டும் வேண்டாம், விழுந்தா எலும்பு தாங்காது. வேணும்னா உங்க வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டுப் போங்களேன். அவருக்கும் நல்லதுதானே."

அத்தை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஐயோ, அவுகளுக்கு வேற நேரம் சொல்லிருங்கம்மா!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாமா திரும்பி வந்ததும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்: அத்தைக்குப் பத்து மணி, மாமாவுக்குச் சாயங்கால நடை, மாற்றக்கூடாது. ஆபீசில் மேலதிகாரி சொன்னதைக் கேட்பதுபோல் மாமா தலையாட்டினார்.

பஸ் நிலையத்தில் அத்தை எல்லோருக்கும் சுடச்சுட அல்வா வாங்கினாள். இலையில் ஒட்டியதையும் வழித்துச் சாப்பிட்டாள்.

பஸ் கிளம்பியதும் மாமா என் பக்கம் குனிந்து, "நான் இல்லாதப்போ என்னட்டி பேசுனாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். கேட்டதைக் கேட்டபடி, எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன்: "மாமாவுக்கு அந்த வெயில் தாங்காது, வேற நேரம் சொல்லுங்கன்னு அத்தை டாக்டர்ட்ட கெஞ்சுனா."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவ மனசு யாருக்கு வரும்" என்றார். முன்னிருக்கையில் ஜன்னலோரம் இருந்த அத்தையின் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அவள் வெளியே திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

பாவம், அழுகிறாள் என்று நினைத்து, எழுந்து போய் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.