வாயைப் பொத்திய இரண்டு சிப்பாய்கள்

ராசாத்தி, முத்து... போன வாரம் சித்தப்பா வரைந்து அனுப்பிய படத்தைப் பிடுங்கிக்கொண்டு உங்க அம்மா உங்களை வெளியே விரட்டினாளே, ஏன் ஏன் என்று துளைத்தெடுக்கிறீர்கள். இந்த வாரம் பத்திரிகையில் அதைத்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கிற மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளுங்கள்.

என் தம்பி பர்மா பக்கம் பட்டாளத்தில் இருக்கிறான். எந்த ஊர்? அதை எழுதக்கூடாது. எழுதினால் சென்சார் ஆபீசர் மசியைப் பூசிவிடுவார். அதனால் படமாகப் போட்டு அனுப்புவான். பீரங்கி, விமானம் எல்லாம் இருக்காது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வெங்காயம் உரிக்கிற சமையல்காரர், பூட்ஸுக்குள் தேள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற ஹவில்தார்... இப்படித்தான்.

போன வாரம் நாலு படம் வந்தது. கடைசிப் படத்தில் ஒருவன் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறான். முகத்தில் துண்டு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து நூலால் கட்டியிருக்கிறது. பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் — வாயைப் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு. கீழே 'கலியன்' என்று பெயர். அதற்கப்புறம் எழுதியிருந்த வரி முழுக்க மசி.

நீங்கள் சிரித்தீர்கள். உங்க அம்மா சிரிக்கவில்லை.

"ஏங்க... கட்டைவிரலைச் சேர்த்து யாருக்குங்க கட்டுவாங்க?"

செத்தவர்களுக்குத்தான் கட்டுவோம், பிள்ளைகளே.

கலியன் செந்துறைக்காரன். தம்பியோடு சேர்ந்தே பட்டாளத்துக்குப் போனவன். படம் வந்தால் அவன் வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டுவது என் வழக்கம். இதை எப்படிக் காட்டுவது? காட்டாமல்தான் எப்படி இருப்பது? அரியலூரில், பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையில் ஓடுகிற கரி கேஸ் பஸ் ஏறினேன். மேட்டில் திணறித் திணறி நின்றது. அப்படியே நின்றுபோகாதா என்றிருந்தது எனக்கு.

கலியன் பெண்டாட்டி அஞ்சலை வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கலியனின் அப்பா. முதல் மூன்று படத்தை மட்டும் நீட்டினேன்.

"எங்க வூட்டு ஆளு ஒண்ணுலயும் இல்லியாண்ணே? போன தடவ முடி வெட்டிக்கிட்டாவது உக்காந்திருந்தாரு."

"இல்லம்மா."

"அப்ப சட்டைப்பையில என்ன? வந்ததுலேருந்து கையை எடுக்கவே மாட்டேங்கறீங்க."

கொடுத்துவிட்டேன். வேறென்ன செய்ய?

கலியனின் அப்பா ஒரு தடவைதான் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். அஞ்சலை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்க மாமனாரு கிடக்கறாரு, விடுங்க. எழுந்திரிச்சா தடுக்கி விழட்டும்னு வெளையாட்டுக்குக் கட்டியிருக்கானுவ. இவரு தூக்கம் ஊரறிஞ்சதாச்சே... மாடு மிதிச்சாலும் பொரண்டுதான் படுப்பாரு. இந்தா பாருங்க, ரெண்டு பேரும் சிரிக்கிறானுவ."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"சிரிப்புத்தானேண்ணே?"

"சிரிப்புத்தாம்மா."

தம்பிக்குக் கடுதாசி போட்டிருக்கிறேன். பதில் எப்போது வருமோ... பிள்ளைகளே, பெரியவர்கள் அடித்துச் சொல்வதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

செந்துறையிலிருந்து திரும்பிய அன்று சாயந்தரம் நீங்கள் விளையாடப் போயிருந்தீர்கள். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்துப் பார்த்தேன்.

கண்ணாடியில் இருந்தவன் அழுதுகொண்டிருந்தான்.