நாற்பது நாளில் ஞாயிறு சேராது

அரியரத்தினத்தாரின் குரல் பெரிய குரல். மொன்றியலின் ரொக்ஸ்பரோவில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. தமிழ்ப் பங்கின் பாடகர் குழு அவரை மூன்று முறை சேர்த்தது, மூன்று முறையும் கழற்றி விட்டது. கடைசித் தடவை கீபோட் வாசிக்கிற பிரியந்தி, "அண்ணை, மைக்கில இருந்து கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்று மரியாதையாகத்தான் தொடங்கினாள். பிறகு இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளித் தள்ளி, மனிதர் கோயில் வாசற்படிக்கே வந்து சேர்ந்துவிட்டார்.

வேலை புவாண்ட்-கிளேரில், ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குவது. பெட்டி பாட்டுக் கேட்காது. பெடியன் பிரெஞ்சிலும் பெட்டை ஆங்கிலத்திலும் பேசி, கலியாணம் கட்டிப் போய்விட்டார்கள். ஆக, அறுபத்தொரு வயதில் இந்த மனிதனுக்காக ஒரு கூட்டம் காத்திருந்து, வாசலில் தலை தெரிந்ததும் மேசையில் அடித்துக் கூக்குரலிடுகிற இடம் கனடா முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வேர்டனில் உள்ள ஒரு தவறணை.

ஓம், தவறணைதான். மூக்கைச் சுளிக்க வேண்டாம். நாட்டை விட்டு வந்த புதிதில் அவர் அங்கே கோப்பை கழுவியவர். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அங்கே ஒரு பழைய பிரெஞ்சுக் குடிப்பாட்டுப் பாடுவார்கள். பாட்டுக்கு என்ன வயதென்று யாருக்கும் தெரியாது, பாடுகிற பிள்ளைகளுக்கு இருபது. ஊரில் ஒவ்வொரு மாதமும் ஒரு புதுப் பாட்டு வந்து மறு மாதம் செத்துப் போகிறது, இந்தக் கிழட்டுப் பாட்டு மட்டும் அசையவில்லை. அது தொடங்கியதும் எல்லாக் கைத்தொலைபேசியும் குப்புற விழும்.

கதை இதுதான்: ஒரு கொல்லன் குடிப்பதற்காகச் சரணத்துக்கு ஒரு சாமானாக விற்கிறான். சுத்தியல், உலைத்துருத்தி, குதிரை, கட்டில், மாமியாரின் கட்டிய பல். இருபத்திரண்டு சரணம். ஒவ்வொன்றிலும் புதுச் சாமானைச் சொன்ன பிறகு, விற்ற எல்லாவற்றையும் பின்னாலிருந்து முன்னுக்கு மூச்சு விடாமல் அடுக்க வேண்டும். ஒருவர் கதிரையில் ஏறி நின்று ஒரு வரி பாட, கூட்டம் அதையே திருப்பிப் பாடும். மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்லி வளர்ந்த மன்னார்ப் பேசாலைக்காரனுக்கு இந்த முறையை யாரும் படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. கோப்பை கழுவியபடியே கேட்டதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினார். அர்த்தம் பாதி விளங்கும், மீதி விளங்காது. அதனால் பாட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கதிரைக்கு ஒரு சட்டம் உண்டு. மார்ச் மாதம் புனித பத்திரிசியார் ஊர்வலம் போகிற ஞாயிற்றுக்கிழமை, கதிரைக்காரர் வந்து முழுப் பாட்டையும் பாடியாக வேண்டும். வராவிட்டால் கதிரை போச்சு. நடுவில் தடுமாறினால் கூட்டம் மூன்று எண்ணும், அதற்குள் அடுத்த வரியை யார் எடுக்கிறாரோ அவருக்கே அடுத்த வருட ஊர்வலம் வரைக்கும் கதிரை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் வைத்திருக்கிற அதே பத்திரிசியார்தான், மொன்றியலில் பியர் விற்க வந்திருக்கிறார். புனிதர்களுக்கும் இரண்டு வேலை பார்த்தால்தான் கட்டுப்படியாகும் போலிருக்கிறது.

ஒன்பது வருடமாகக் கதிரை அரியரத்தினத்தாரிடம். அதன்மேல் கண் வைத்திருந்தவன் அஷ்வத், புரோசார்ட்டில் இருக்கிற சென்னை டாக்டர் மணிவாசகத்தின் மகன். பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு. "அங்கிள், இந்த வருஷம் நீங்க ரிட்டையர் ஆயிடுங்க" என்று தோளில் கை போட்டுச் சிரிப்பான். அவர் அந்தக் கையைத் தட்டிவிடுவார்.

இப்படியிருக்க, விபூதிப் புதன் வந்தது. ஈஸ்டர் வரை நாற்பது நாள் தவக்காலம், விருப்பமான ஒன்றை ஆண்டவருக்காக விட வேண்டும். நெற்றியில் சாம்பலோடு சாப்பாட்டு மேசையில் இருந்து, "இந்தத் தவக்காலம் நான் குடியை விடுறன்" என்று அவர் பெரிய மனதோடு அறிவித்தார்.

மனைவி சிவமலர் கரண்டியைக் கீழே வைத்தாள். "சீனி வருத்தம் எண்டு டொக்டர் போன ஆடியில நிப்பாட்டினதை இப்ப எடுத்து ஆண்டவருக்குக் குடுக்கிறியளோ? வந்த பரிசைத் திருப்பிச் சுத்திக் குடுக்கிற மாதிரி!"

"அப்ப என்னத்தை விடச் சொல்லுறீர்?"

"பாட்டை விடுங்கோ. நாப்பது நாள் அந்தத் தவறணைப் பக்கம் போகக்கூடாது. கோயிலுக்க என்னைப் பாத்து, 'உங்கட அவர் கதிரையில ஏறி நிண்டு பாடுறவராமே' எண்டு கேக்குதுகள். எனக்கு எங்க முகத்தை வைக்கிறதெண்டு தெரியேல்ல."

நெற்றியில் சாம்பல் இருக்கும்போது ஒரு மனிதன் எதற்கும் தலையாட்டுவான். அவரும் ஆட்டினார். படுக்கப் போகும்போதுதான் ஊர்வலத் திகதி நினைவுக்கு வந்தது. அது தவக்காலத்துக்குள்ளேயே விழுந்திருந்தது.

மூன்று வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து சுவரைப் பார்த்தார். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்த றொக்சன் ஃபாதரை ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஃபாதர், தவக்காலத்து நாப்பது நாளுக்குள்ள ஞாயிறு சேருமோ?"

"சேராது அண்ணை. ஞாயிறு உயிர்ப்பின்ர நாளெல்லோ. ஆனா ஒறுத்தல் எண்டது வெறும் கணக்கு..."

"சேராது" வரைக்கும்தான் அவர் கேட்டார். மிச்சத்தை ஃபாதர் ரோல்ஸுக்குச் சொல்லிக்கொண்டு நின்றார், பாவம்.

திருச்சபையே சொல்லிவிட்டது என்று வீட்டில் வந்து முழங்கினார். சிவமலர் கத்தவில்லை. "போங்கோ. போய் அந்தக் கதிரையிலேயே படுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறு ஞாயிறு ஊர்வலம். வெளியே கடுங்குளிர், உள்ளே பச்சைத் தொப்பிக் காடு. அரியரத்தினத்தார் நுழைந்ததும் "ஹரி! ஹரி!" என்று தவறணை அதிர்ந்தது. ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. அஷ்வத் மட்டும் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்து, "வந்துட்டீங்களா அங்கிள்?" என்றான், ஏமாற்றத்தை மறைக்கவும் தெரியாமல்.

மூன்று மணிக்குக் கதிரையில் ஏறினார். ஒரு கையில் சோடா, மறு கை காற்றில். சுத்தியல் போனது, துருத்தி போனது, குதிரை போனது. இருநூறு தொண்டை திருப்பிப் பாடியது. பத்தாம் சரணம் தாண்டியும் மூச்சு வாங்கவில்லை. பதினெட்டாவதில் மாமியாரின் பல்லை விற்று, பின்னோக்கி அடுக்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. கோயிற் சீலைக்கு மேல் குளிர் அங்கி, காலில் பனிச் சப்பாத்து, கையில் கைப்பை. சிவமலர்.

மாமியாரின் பல்லுக்கு அடுத்தது என்ன? கட்டிலா? பானையா? ஒன்றும் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது.

"ஒன்று!" என்று கூட்டம் பிரெஞ்சில் எண்ணியது. அஷ்வத் தொண்டையைச் செருமினான். "இரண்டு!" கதிரையின் கால்பலகையில் அவன் கால் ஏறிவிட்டது. அரியரத்தினத்தார் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருடம் போச்சு.

அடுத்த வரி வாசலிலிருந்து வந்தது. சமையற்கட்டில் பேசுகிற குரல்தான், சத்தம் குறைவு, ஆனால் சுத்தமான பிரெஞ்சு. பதினாறு வருடமாக கார்டறி என்கிற ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வெள்ளைக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவளின் பிரெஞ்சு. கட்டில், பானை, கதவு, பசுமாடு... ஒன்றும் தவறவில்லை. கூட்டம் ஒரு கணம் திரும்பிப் பார்த்தது, பிறகு இயல்பாகவே திருப்பிப் பாடியது. யார் பாடினால் என்ன, வரி வந்துவிட்டதே!

அவள் கதிரையடிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினாள். பனி ஒட்டிய சப்பாத்தோடு பிறர் கதிரையில் ஏற அவளுக்கு மனம் வராது. கைப்பையைக் கணவனிடம் கொடுத்தாள். "இறங்குங்கோ" என்றாள். அவர் இறங்கினார்.

பத்தொன்பது, இருபது. கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவர் கீழே நின்றார். ஒன்பது வருடம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தனியே பாடிப் பழகியவர். இந்த வீட்டில் யார் என் பாட்டைக் கேட்கிறார்கள் என்று மனதுக்குள் குமைந்தவர். கதவுக்கு வெளியே உடுப்பு மடித்துக்கொண்டு ஒருத்தி ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, அழுதார். யாரும் கவனிக்கவில்லை.

"அங்கிள், ஆன்ட்டி செம்மயா பாடுறாங்க!" என்று அஷ்வத் காதுக்குள் கத்தினான்.

"வாயைப் பொத்திக்கொண்டு பதிலைப் பாடும்!" என்று அவனை அதட்டி, அந்தப் பெரிய குரலை அவர் முழுசாகத் திறந்துவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் பச்சைத் தொப்பி போட்ட ஒருவன் எதிரே குறட்டை விட்டான்.

"என்னைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போகத்தானே வந்தனீர்?"

"ஓம். நாப்பது நாளைவிடப் பெரிசா அங்க என்ன கிடக்கெண்டு பாத்துப்போட்டு இழுப்பமெண்டு வந்தனான். நீங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிண்டதைப் பாக்கப் பொறுக்கேல்ல." அவள் கையுறையைச் சரி செய்தாள். "அதுசரி, கடைசிச் சரணத்தில ஒவ்வொரு முறையும் கையைத் தூக்குவியளாம். ஏன்?"

"கொல்லன் வெண்டிட்டானெல்லோ!"

சிவமலர் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"ஐயோ, ஒம்பது வருசம்! வெண்டது அவன்ர மனுசியப்பா. அவன் வித்த சாமான் அவ்வளவையும் பின்கதவால வாங்கி வைச்சவள் அவள்தான். கடைசியில தவறணையையும் வாங்கிப்போட்டு, அவனைச் சம்பளத்துக்கு வைச்சிருக்கிறாள்."

அரியரத்தினத்தார் யன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அப்ப... தவக்காலம் முடிஞ்சு வாற முதல் வெள்ளிக்கிழமை?"

"நான் பாடுவன். நீங்கள் பதில் சொல்லுங்கோ."

"ஓம்" என்றார் அவர்.